பத்தாம் வகுப்புக்கு இலவச மாலை மையம்: முதல்முறையாக நடத்தப் போகிறவர்களுக்கு

ஊர் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரலாம் என்று முன்னாள் மாணவர் சங்கமோ இளைஞர் மன்றமோ சிறிய அறக்கட்டளையோ முடிவெடுக்கிறது. செலவை ஏற்க ஒருவர் முன்வருகிறார். அதன்பிறகு எதை முதலில் செய்வது, எதில் பணத்தைப் போடுவது, எங்கே சறுக்கும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை. கணக்குப் பாடத்தை நடுவில் வைத்து எழுதியிருக்கிறோம். பின்தங்கிய பிள்ளைகள் அதிகம் அஞ்சுவது கணக்குக்குத்தான். சரியாகத் திட்டமிட்டால் எட்டு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வருவதும் அதில்தான்.

தமிழ்நாட்டில் 2025 பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘இனி என்ன வேலை இருக்கிறது’ என்று நினைக்க வேண்டாம். தோற்ற பிள்ளைகளைப் போலவே, 35-ஐ எப்படியோ எட்டிப்பிடித்து அடிப்படை எதுவும் இல்லாமல் மேல்நிலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிற பிள்ளைகளும் உங்கள் மையத்துக்கு உரியவர்கள். பிரதம் அமைப்பின் ஏசர் 2023 ஆய்வு 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று சொல்லும் பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வழி அடைபட்டிருப்பது வகுத்தலிலா, பின்னத்திலா, குறை எண்ணிலா என்று தெரிந்துவிடும். அந்த அடைப்பை எடுக்காமல் முதல் பாடத்திலிருந்து வரிசையாக நடத்திக்கொண்டு போகும் மையம், பள்ளியில் புரியாததை இன்னொரு முறை புரியாமல் கேட்க வைக்கிறது. புதிதாகத் தொடங்கும் மையங்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

முதல் வேலை பள்ளியில்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்பதாம் வகுப்பு ஆண்டிறுதி மதிப்பெண் பட்டியலைப் பார்க்க அனுமதி. மாலையில் ஒரு வகுப்பறை. பள்ளி நடத்தும் சிறப்பு வகுப்பின் நேர அட்டவணை. இந்த மூன்றாவதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பல அரசுப் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு தொடங்கிவிடும். காலை எட்டரைக்குப் போன பிள்ளை மாலை ஐந்தரைக்கு வெளியே வந்து, உடனே உங்கள் மையத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் மண்டையில் எதுவும் ஏறாது. அப்படிப்பட்ட பள்ளியென்றால் அக்டோபரிலிருந்து வாரநாள்களைக் குறைத்து, சனி ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

பள்ளி வளாகத்தையே பயன்படுத்துவதாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும் அன்றோடு முடிந்துவிடும். சாவி யாரிடம், மின்சாரம் யார் பொறுப்பு, கழிப்பறை திறந்திருக்குமா, கடைசியில் பூட்டுவது யார் என்பதெல்லாம் அந்தத் தீர்மானத்தில் இருக்கட்டும். கழிப்பறை பூட்டியிருக்கிற மையத்துக்குப் பெண்பிள்ளைகள் இரண்டாவது வாரத்திலிருந்து வரமாட்டார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

கணக்கு ஆசிரியரோடு தனியாகப் பேசுங்கள். ‘நீங்கள் நடத்துவது போதவில்லை’ என்ற தொனி ஒரு சொல்லில் வந்தாலும் ஆண்டு முழுவதும் கதவு சாத்தியே இருக்கும். அந்த மாதம் அவர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்று கேட்டு, அதே பாடத்துக்குத் தேவையான அடிப்படையை நீங்கள் மாலையில் எடுக்கப் போவதாகச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் வேலை எளிதாகும்.

யாரைச் சேர்ப்பது

‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று அறிவித்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள். இடம் நிரம்பிவிடும். உங்கள் பணம் யாருக்காக வந்ததோ அவர்கள் வெளியே நிற்பார்கள். ஆகவே பட்டியலை நீங்களே தயாரித்து வீட்டுக்குப் போய் அழையுங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 45-க்குக் கீழ் எடுத்தவர்கள், முந்தைய ஆண்டு நீண்ட நாள் விடுப்பில் இருந்தவர்கள், வீட்டில் முதல்முறையாகப் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள், பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டி வீட்டில் இருப்பவர்கள், ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் தங்கிப் படிப்பவர்கள் முன்னுரிமைக்கு உரியவர்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு மாலை வருகைப் பதிவு உண்டு என்பதால் காப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது மாலையில் பிள்ளை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். தறி ஓட்டுவது, மாடு பிடித்துக் கட்டுவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கடையில் நிற்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஐந்து மணி என்று நீங்கள் முடிவு செய்தால் முதல் மாதத்திலேயே கால்வாசிப் பேர் கழன்றுவிடுவார்கள். தம்பி தங்கையோடு வரலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் பாய் விரித்து நான்கு படப்புத்தகம் போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

பட்டியலில் ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்புப் போட வேண்டாம். சுவரிலும் ஒட்ட வேண்டாம். குழுக்களுக்குக் காவிரி, வைகை, பொருநை என்று பெயர் வையுங்கள்.

பணம்: எங்கே வருகிறது, எதில் போகிறது

ஒரு மாதிரிக் கணக்கு தருகிறோம். விலையும் சம்பளமும் ஊருக்கு ஊர் மாறும்; விகிதத்தைக் கவனியுங்கள். 36 பிள்ளைகள், ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்கள். மூன்று குழுக்கள் திங்கள், புதன், வெள்ளி. மற்ற மூன்று செவ்வாய், வியாழன், சனி. ஒரு நேரத்தில் மூன்று பயிற்றுநர்கள் வேண்டும். ஒன்றரை மணி நேர அமர்வுக்கு ரூ. 300 வீதம், மாதம் 24 அமர்வுக்கு ஒருவருக்கு ரூ. 7,200, மூவருக்கு ரூ. 21,600. சிற்றுண்டி ஒரு பிள்ளைக்கு ரூ. 15 வீதம் நாளொன்றுக்கு 18 பேர், 24 நாள்: ரூ. 6,480. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு ரூ. 5,000. ஜெராக்ஸ், நோட்டு ரூ. 2,000. மின்சாரம், சில்லறைச் செலவு ரூ. 1,000. மொத்தம் மாதம் ரூ. 36,080. ஜூலை முதல் பிப்ரவரி வரை எட்டு மாதத்துக்கு ரூ. 2,88,640. கரும்பலகை, ஜியோமெட்ரி பாக்ஸ், அவசர விளக்கு போன்ற ஒருமுறைச் செலவு ரூ. 15,000 சேர்த்தால் ரூ. 3,03,640. தலைக்குச் சுமார் ரூ. 8,400.

மாதச் செலவில் அறுபது விழுக்காடு பயிற்றுநர்களுக்குப் போகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். நன்கொடையாளர் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறேன், டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்பார். பெயர் பொறித்து வைக்க ஒரு பொருள் கிடைக்கிறதே என்ற ஆசை இயல்பானது. ஆனால் பிள்ளை தப்பாகப் போடும் இடத்தில் விரல் வைத்து ‘இங்கே ஏன் இப்படிப் போட்டாய்’ என்று கேட்பதற்கு ஆள்தான் வேண்டும். அதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். பொருள்தான் தருவேன் என்றால், நல்ல ஜியோமெட்ரி பாக்ஸும் கிராஃப் நோட்டும் கேளுங்கள்.

சிற்றுண்டியை வெட்டிச் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள். சத்துணவு பன்னிரண்டரை, ஒரு மணிக்கு முடிந்துவிடுகிறது. மாலை ஐந்தேகாலுக்கு வருகிற பிள்ளை பசியோடுதான் வருகிறது. சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் போதும். பிஸ்கட் பாக்கெட் சுலபம்தான், ஆனால் பசி அடங்காது.

அறக்கட்டளையாக இருந்தால் வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்பதாக இருந்தால் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் மூன்றாண்டுச் செயல்பாட்டு அனுபவமும் வேண்டும். புதியவர்களுக்கு இது உடனே கைகூடாது. ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, ஆகவே வங்கி வழியாகவே வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புவதாகச் சொன்னால் ஒன்றை விசாரியுங்கள்: இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருக்கிறாரா? இருந்தால் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா என்று குடியுரிமை மாறிவிட்டவரானால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்று வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கிற சங்கங்கள் உண்டு.

வாக்களித்த பணம் சொன்ன தேதியில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதச் செலவு கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். பயிற்றுநர் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். இரண்டு குழுக்களின் பன்னிரண்டு பிள்ளைகள் பழகிய முகத்தை இழப்பார்கள். நடு ஆண்டில் வரும் புதியவர் அதே இடத்தைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும்.

பயிற்றுநர்

கணிதப் பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் பெண்கள், பி.எட். படிப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் ஆகியோரிடையே தேடுங்கள். அந்தத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கானதாக இருந்தது என்றாலும், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் கிடைப்பார்கள். அது பட்டத்தைவிடப் பெரிது.

நேர்காணலில் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ¾ + 1/6 கணக்கைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் பலகையில் மீ.சி.ம. போட ஆரம்பிப்பவரா, ‘நீ எப்படிப் போடுவாய், போட்டுக் காட்டு’ என்று முதலில் கேட்பவரா என்று கவனியுங்கள். இரண்டாமவரை எடுங்கள். வேலைக்கு எடுத்த பின் இரண்டு நாள் பயிற்சி போதும். ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களை வைத்து, எந்தத் தப்பு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி. மறுநாள் வகுப்பு நடத்திப் பார்ப்பது.

பாதுகாப்பு விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மையத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். கதவு திறந்திருக்கும். பயிற்றுநர் பிள்ளையின் தனி எண்ணுக்குச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் எண்ணுக்கு மட்டும். அடி, திட்டு கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இருட்டிய பிறகு பெண்பிள்ளைகள் தெரு வாரியாகச் சேர்ந்து போகட்டும்; ஒருங்கிணைப்பாளர் கடைசிப் பேருந்து நேரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தொடக்கச் சோதனை: இதில்தான் எல்லாம் இருக்கிறது

முதல் வாரத்தில் பாடம் வேண்டாம். நாற்பது நிமிடத்தில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஏறிக்கொண்டே போகட்டும். ‘இது மார்க்குக்கு இல்லை, தெரியாததை விட்டுவிடு, அடித்ததை அழிக்காதே’ என்று சொல்லுங்கள். ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். அடித்துத் திருத்தியதில்தான் பிள்ளை எப்படி யோசித்தது என்று தெரியும்.

மதிப்பெண் போட வேண்டாம். தப்பான விடையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 503 − 178 என்பதற்கு 475 என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: எட்டிலிருந்து மூன்று, ஏழிலிருந்து பூஜ்யம், ஐந்திலிருந்து ஒன்று. கடன் வாங்குவது புரியவில்லை, அதற்குக் கீழே இடமதிப்பு புரியவில்லை. 612 ÷ 6 என்பதற்கு 12 என்று வந்தால் நடுவில் பூஜ்யம் போட வேண்டும் என்பது தெரியவில்லை. ¾ + 1/6 = 4/10 என்றால் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறது; பின்னம் என்பது ஒரே எண் என்ற எண்ணமே இல்லை. −7 + 3 = −10 என்றால் எண்கோடு பழக்கமில்லை. −7 − 3 = 10 என்று வந்தால் வேறு கதை: ‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ என்று பெருக்கலுக்குச் சொன்ன சூத்திரத்தை எல்லா இடத்திலும் போடுகிறது. இந்தக் கடைசித் தப்பு சுமாராகப் படிக்கும் பிள்ளைகளிடமும் இருக்கும், அவர்கள் மதிப்பெண்ணை அதிகம் தின்பதும் அதுதான்.

இது பத்தாம் வகுப்பில் எங்கே வெடிக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்² − எக்ஸ் − 12 என்ற இருபடிக் கோவைக்கு வரைபடம் வரையச் சொல்கிறார்கள். எட்டு மதிப்பெண். எக்ஸ் −3 ஆக இருக்கும்போது 9 + 3 − 12, விடை 0. குறை எண்ணில் தடுமாறும் பிள்ளை 9 − 3 − 12 என்று போட்டு −6 என்று எழுதும். −4-க்கு 8 வர வேண்டிய இடத்தில் 0 எழுதும். புள்ளிகளைக் குறித்தால் வளைவு இடப்பக்கம் கோணலாகப் போகும். பிள்ளை ‘எனக்கு கிராஃப் வராது’ என்று முடிவு கட்டிவிடும். கிராஃப் நன்றாகவே வருகிறது. ஏழாம் வகுப்பில் விட்டுப்போன ஒரே ஒரு விஷயம்தான் குறுக்கே நிற்கிறது. −4 முதல் 5 வரை சரியான அட்டவணை 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். அட்டவணையின் எல்லைகளை இப்படிச் சமச்சீராக எடுத்துக்கொண்டால் தன் கணக்கைத் தானே சரிபார்க்கலாம் என்று காட்டிக்கொடுங்கள். இதைக் கண்டுபிடித்த அன்று பிள்ளையின் முகமே மாறும்.

வாசிப்பையும் சோதியுங்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைத் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் வினா ஒன்று நான்கு வரியில் வந்தால் கணக்கே தொடங்காது. இந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் பத்து நிமிடம் வாசிப்பு தனியாக வேண்டும். எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவது, எண்களைத் திருப்பிப் போடுவது விடாமல் தொடர்ந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். பெற்றோரிடம் பேசி, மருத்துவச் சான்றுக்கும் தேர்வுச் சலுகைக்கும் பள்ளி வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் நேரம் போன்றவை கிடைக்கும். அரையாண்டு வரை காத்திருந்தால் நேரம் தப்பிவிடும்.

விடைத்தாள்களை வைத்து மூன்று நிலைகளாகப் பிரியுங்கள்: நான்கு அடிப்படைச் செயல்களிலேயே தடுமாறுகிறவர்கள், அவை தெரிந்து பின்னம், குறை எண்ணில் நிற்பவர்கள், இரண்டும் தெரிந்து இயற்கணிதத்தில் நிற்பவர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே மாதிரி வேறு தாள் வைத்துக் குழுவை மாற்றியமையுங்கள். மேலே நகர்ந்த பிள்ளை அதே குழுவில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

முதல் பத்து நிமிடம் சிற்றுண்டி, வருகைப் பதிவு. அடுத்த பத்து நிமிடம் வாய்க்கணக்கு: வாய்ப்பாடு, பாதி, கால், சதவீதம். பிறகு அரை மணி நேரம் அந்தக் குழுவின் அடிப்படை. அடுத்த அரை மணி நேரம் அதே அடிப்படையைப் பயன்படுத்தும் பத்தாம் வகுப்புக் கணக்கு. இந்த இணைப்புதான் முக்கியம். நாலாம் வகுப்புக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மானம் போகும், வராமல் நின்றுவிடும். குறை எண் கூட்டலை எடுத்த அன்றே இருபடி அட்டவணை, பின்னம் எடுத்த அன்றே நிகழ்தகவு, விகிதம் எடுத்த அன்றே வடிவொத்த முக்கோணம் என்று கொண்டுபோய்ச் சேருங்கள். கடைசிப் பத்து நிமிடம் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி. அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் பயிற்றுநர் மறுநாளைத் திட்டமிட வேண்டும்.

யாராவது வரவில்லையென்றால் அன்றிரவே ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்துச் செய்யும் போன் கண்டிப்புப் போலக் கேட்கும். அன்றே செய்வது அக்கறையாகக் கேட்கும். ஆடித் திருவிழா, அறுவடை, அக்கா கல்யாணம் என்று விடுபடும் நாள்கள் வரத்தான் செய்யும். திரும்பி வந்த அன்று திட்டாமல், விட்டுப்போன துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து உட்கார வையுங்கள்.

வினாத்தாளைக் கையில் வைத்து

அரையாண்டு முடிந்ததும் வேலையின் போக்கு மாற வேண்டும். கணக்குத் தாளின் அமைப்பு: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுத வேண்டும், அதில் கடைசி வினா கட்டாயம், ஐந்து மதிப்பெண்ணும் அதேபோல 14-க்கு 10, கடைசி கட்டாயம், எட்டு மதிப்பெண் இரண்டு, ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம், இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. 14 + 20 + 50 + 16 = 100.

மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு வழி எட்டு மதிப்பெண் வினாக்களிலிருந்து தொடங்குகிறது. வடிவியலில் வருபவை வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் சார்ந்த முக்கோண வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு என்று எண்ணிவிடக்கூடிய வகைகள்தான். வடிவொத்த முக்கோணத்தில் எல்லோரும் குழம்புவது எத்தனை புள்ளி குறிப்பது என்பதில். விதி எளிது: பின்னத்தில் எந்த எண் பெரியதோ அத்தனை புள்ளி, பகுதியில் உள்ள எண்ணுக்குரிய புள்ளியைத்தான் முக்கோணத்தின் முனையோடு முதலில் இணைக்க வேண்டும், தொகுதிக்குரிய புள்ளி வழியாக இணைகோடு. 3/5 என்றால் ஐந்து புள்ளி, ஐந்தாவதை இணைத்து மூன்றாவது வழியாக இணைகோடு. 7/3 என்றால் ஏழு புள்ளி, மூன்றாவதை இணைத்து ஏழாவது வழியாக. உதவிப்படம் வரையாமல் விடுவது, வில்லின் அடையாளத்தை அழித்துவிடுவது, அளவுகளைக் குறிக்காமல் விடுவது ஆகிய மூன்றும் கையில் இருந்த மதிப்பெண்ணை உதறுவதற்குச் சமம்.

காம்பஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான பாக்ஸில் வரும் காம்பஸின் திருகு தளர்ந்து, வட்டம் போட்டு முடிப்பதற்குள் ஆரம் மாறிவிடும். தொடுகோடு எங்கோ போகும், பிள்ளை தன் கையைத்தான் குறைசொல்லிக்கொள்ளும். ஒவ்வொரு காம்பஸிலும் ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயரிடுவது, அட்டவணை, புள்ளிகள், விடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். இருபடி வளைவை ஸ்கேல் வைத்து இணைக்கக் கூடாது. நேர்மாறல் என்றால் நேர்கோடு, எதிர்மாறல் என்றால் வளைவு. இந்த 16-ஐயும், ஒரு மதிப்பெண்ணில் பத்தையும், இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து வினாக்களையும் உறுதிப்படுத்தினால் 36. அதற்கு மேல் வருவதெல்லாம் நீங்கள் ஜூலையில் போட்ட அடிப்படையிலிருந்து வரும். இந்தக் குறுக்குவழியை மட்டும் ஆண்டு முழுவதும் ஓட்டும் மையங்கள் உண்டு. தேர்ச்சி கிடைக்கும், ஆனால் ஜூன் மாதம் ஐ.டி.ஐ.யிலோ வணிகவியல் பிரிவிலோ அந்தப் பிள்ளை மறுபடி அதே பின்னத்தில் வந்து நிற்கும்.

அறிவியலில் ஒரு சிறு கவனம்: எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் தனியாக 20-ஐத் தொட வேண்டும். செய்முறை 25-ஐ நம்பி எழுத்தை விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜனவரியிலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு மூன்று மணி நேரம் வையுங்கள். வினாத்தாளை வாசிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தையும் சேர்த்துப் பழக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பத்தை எழுதப் போகிறோம் என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். வரிசைப்படி எழுதிக்கொண்டே போய் 16 மதிப்பெண்ணுக்கு நேரமில்லாமல் போவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நேர்வது.

நன்கொடையாளரிடம் எதைச் சொல்வது

‘நூறு சதவீதம் தேர்ச்சி காட்டுவீர்களா’ என்று கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால், நீங்கள் நல்லவராகவே இருந்தாலும், அடுத்த ஆண்டு சேர்க்கையில் மிகவும் பின்தங்கிய பிள்ளையைச் சேர்க்கக் கை தயங்கும். வருகை விழுக்காடு, தொடக்கச் சோதனையிலும் முடிவுச் சோதனையிலும் எத்தனை பேர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு நகர்ந்தார்கள், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி, எத்தனை பேர் அடுத்த படிப்பில் சேர்ந்தார்கள் ஆகிய நான்கையும் கொடுங்கள். பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் போட்டு ‘ஏழை மாணவர்’ என்று பேனர் வைக்க அனுமதிக்காதீர்கள். அதே ஊரில்தான் அவர்கள் நாளை நடந்து போக வேண்டும்.

தேர்வு முடிந்ததும் மையத்தை மூடிவிடாதீர்கள்

இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மே மாதம் தேர்வு முடிவு வந்த அன்றே 36 வீட்டுக்கும் போன் போக வேண்டும், முதலில் தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே அவகாசம் இருக்கும். பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். இந்த நாள்களில்தான் பையன்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், பெண்பிள்ளைகளுக்கு வரன் பேச்சு தொடங்கும். கட்டணத்தை மையமே கட்டி, மறு வாரமே துணைத்தேர்வு வகுப்பைத் தொடங்கிவிடுங்கள். எந்தப் பாடத்தில் தோற்றார்களோ அந்த ஒரு பாடம், நான்கைந்து பிள்ளைகள், தினமும் இரண்டு மணி நேரம். துணைத்தேர்வு பெரும்பாலும் ஜூலையில் வரும். தேறிவிட்டால் அதே ஆண்டிலேயே பிளஸ் ஒன் சேர முடியும்.

தேர்ச்சி பெற்றவர்களுக்கு மேல்நிலைப் பிரிவு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விண்ணப்பங்களில் உதவுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தொடர்ந்து படித்து உயர்கல்விக்குப் போகிறவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ. 1,000 கிடைக்கும் என்பதையும், மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதையும் பெற்றோரிடம் நேரில் சொல்லுங்கள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவை கைநழுவிப் போகலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. இதை ஜூனில் சொல்வதைவிட மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன், முடிவு வந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.